டோக்கன் இல்லாமல் வண்டி நகராது

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் ரயில் பாதை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்டது. முதலில் அது கிள்ளான் ஆற்றின் வடகரையில் இருக்கும் புக்கிட் கூடாவோடு நின்றது. 1890இல் ஆற்றின் குறுக்கே பாலம் வந்த பிறகுதான் வண்டி கிள்ளான் நகருக்குள் போனது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், செயல்படத் தொடங்குவதற்கு முன்பே பாதை கடல்வரை நீண்டிருந்தது. மலாயாவின் தண்டவாளங்களைப் போட்ட கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்கள் வந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளோடு வளர்ந்த ஊர்.

ஆனால் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில் பாதைக்கு ஓர் ஆபத்து உண்டு. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இருக்கும் பகுதிக்குள் இருபக்கமிருந்தும் வண்டி நுழைந்துவிட்டால் ஒதுங்க இடமில்லை. 1874 செப்டம்பர் 10ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் நாரிச் நகரை அடுத்த தோர்ப்பில் அதுதான் நடந்தது. அங்கே தந்தி மூலம் வண்டிகளுக்கு அனுமதி கொடுத்துவந்தார்கள். கையெழுத்தாகாத ஒரு செய்தி கம்பி வழியே போய்விட்டது. "உங்கள் வண்டியை அனுப்பலாம்" என்று எதிர்முனைக்குச் சொன்ன அதே நிலையம், தன் பக்கத்து வண்டியையும் அனுப்பிவிட்டது. நேருக்கு நேர் மோதியதில் 25 பேர் இறந்தார்கள். பாதை தனக்குத்தான் என்று இரண்டு ஓட்டுநர்களும் நம்பினார்கள். அப்படி நம்ப இருவருக்கும் நியாயமான காரணமும் இருந்தது.

இந்த விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் ஒரு மின்கருவியைக் கொண்டுவந்தார். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பும்வரை அடுத்த வில்லை எந்தப் பக்கமும் வராது. கையில் வில்லை இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். பின்னர் உலகெங்கும் பரவிய டோக்கன் முறைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் ஓட்டுநரும் நிலைய ஊழியரும் 2011 ஜூன் 30 வரை டோக்கனைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

தோர்ப் நிலையம் சந்தித்த சிக்கல் இன்று சைபர்ஜெயாவின் டேட்டா சென்டர்களில் நாள்தோறும் எழுகிறது. அங்கே தண்டவாளத்தின் இடத்தில் ஒரு வட்டு, வண்டிகளின் இடத்தில் சர்வர்கள். ஒரே வட்டில் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதவேண்டும்; ஆனால் ஒன்றன் எழுத்தின் மேல் இன்னொன்று எழுதிவிடக்கூடாது. இதற்காக உருவான மென்பொருள்தான் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம். அது சில நேரம் வட்டை மவுண்ட் செய்ய மறுக்கும். அந்த மறுப்பு நம் மேல் அதற்குள்ள அக்கறை என்பதை இந்த அத்தியாயம் விளக்கப்போகிறது. இது புரிந்துவிட்டால் பழுது பார்க்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஐம்பதாயிரத்து நூற்றிருபதாம் கட்டம்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கொள்கலன் பட்டியல்கள், சுங்கப் படிவங்கள், பில்கள் எல்லாம் அதன் கணினிகளில் இருக்கின்றன. சர்வர்கள் மூன்று, சைபர்ஜெயாவில் வாடகைக்கு எடுத்த ஒரு ரேக்கில் அவை ஓடுகின்றன. மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஸ்டோரேஜ் பெட்டி. ஒரு சர்வர் படுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் வேலையைத் தொடரவேண்டும், துறைமுகத்தில் லாரிகள் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஸ்டோரேஜில் இருக்கும் வட்டை, சர்வர் தன் கோப்பு மரத்தின் ஒரு கிளையாகச் சேர்த்துக்கொள்வதுதான் மவுண்ட். அந்த நொடியில் சர்வர் வட்டின் கணக்குப் புத்தகத்தைப் படித்து, அதில் தேவையான பக்கங்களைத் தன் நினைவகத்தில் நகலெடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வட்டுக்குப் போய்ப் பார்த்தால் வேலை நகராது. இந்த நகலில்தான் வேகமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். வட்டு வழக்கமாக 4 கிலோபைட் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்பதற்கு ஒரு பிட் வரைபடம் உண்டு: காலிக்கு 0, நிரம்பியதற்கு 1. எக்ஸ்ட்4, ஒரு வட்டை ஒரு சர்வர்தான் பயன்படுத்தும் என்று நம்பி எழுதப்பட்டது. அதை நம் நிறுவனத்தின் மூன்று சர்வர்களில் இரண்டில் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்துவிட்டதாக வையுங்கள். முதல் சர்வர் 50,120ஆம் கட்டம் காலி என்று பார்த்து அதில் ஒரு பில்லை எழுதுகிறது. வரைபடத்தில் அந்தப் பிட்டை 1 ஆக்குகிறது. இரண்டாம் சர்வரின் நினைவகத்தில் இருப்பது பத்து நிமிடத்துக்கு முந்தைய வரைபடம். அதில் அந்தப் பிட் இன்னும் 0. அது அதே கட்டத்தில் ஒரு கொள்கலன் பட்டியலை எழுதுகிறது.

எந்தத் திரையிலும் பிழைச் செய்தி வராது. இரண்டு சர்வர்களும் தத்தம் கணக்குப்படி சரியாகத்தான் நடந்துகொண்டன. பின்னொரு நாள் யாராவது அந்தப் பில்லைத் திறக்கும்போது, நடுப்பக்கத்திலிருந்து கொள்கலன் எண்கள் கிடக்கும். அதற்குள் பேக்கப்பிலும் கெட்ட நகலே ஏறியிருக்கும். ஒரு சர்வர் நின்றுபோனால் சில மணி நேரம் நஷ்டம். வட்டின் கணக்கு கெட்டுப்போனால், எது மெய் எது பொய் என்று சொல்ல ஆளே இல்லாமல் போய்விடும்.

எக்ஸ்ட்4இலேயே இதற்கு ஒரு காவல் உண்டு, விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம். வட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை சர்வர் ஓர் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். வேறொரு சர்வர் மவுண்ட் செய்ய வந்தால், அந்த எண்ணைப் படித்து, சிறிது காத்திருந்து, மறுபடி படிக்கும். எண் மாறியிருந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள். உடனே மவுண்டை மறுத்துவிடும். ஆனால் இது ஒருவரைத்தான் உள்ளே விடும். நமக்கு மூவரும் உள்ளே வேண்டும்.

பூட்டு மேலாளர்

பலரை ஒரே நேரத்தில் உள்ளே விடவேண்டுமானால், வட்டு முழுவதற்கும் ஒரு டோக்கன் போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு கோப்புறைக்கும் வரைபடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி டோக்கன் வேண்டும். இந்த வழியைப் பெரிய அளவில் காட்டியது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம். 1983இல் அது அறிவித்த வாக்ஸ்கிளஸ்டர் பல கணினிகளை ஒரே வட்டுகளில் வேலை செய்ய வைத்தது. அதன் நடுவில் இருந்தது பகிர்ந்த பூட்டு மேலாளர். பூட்டுகளில் ஆறு வகை. சும்மா பெயர் பதிந்துகொள்வது ஒரு முனை. மற்றவர்களோடு சேர்ந்து படிப்பது, சேர்ந்து எழுதுவது, காவலோடு படிப்பது, காவலோடு எழுதுவது என்று படிப்படியாகப் போய், வேறு யாரும் தொடக்கூடாது என்ற முழுப்பூட்டில் முடியும். இன்றைய லினக்ஸின் பூட்டு மேலாளரிலும் இதே ஆறு வகைகள் இருக்கின்றன.

பூட்டு வைத்திருக்கும் சர்வர் பாதி எழுத்தில் செத்துப்போனால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டுக் கணினி அறிவியலுக்கு வந்த சி. மோகன். ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் அவரும் சகாக்களும் உருவாக்கிய ஏரீஸ் முறை 1992இல் வெளியானது. எதையும் செய்வதற்கு முன் செய்யப்போவதைப் பதிவேட்டில் எழுதிவிடு. விழுந்து எழுந்தால் பதிவேட்டைப் படித்து, பதிவானதையெல்லாம் மறுபடி செய், பிறகு முடியாததைத் திரும்ப எடு என்பது அதன் சாரம். உலகின் பல டேட்டாபேஸ்கள் இந்த வழியைப் பின்பற்றுகின்றன. அதற்கு முந்தைய ஆண்டே மோகனும் இந்தர்பால் நாரங்கும், பல கணினிகள் ஒரே வட்டைப் பகிரும்போது இந்த மீட்பு எப்படி நடக்கவேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள்.

கிளஸ்டர் ஃபைல் சிஸ்டங்களிலும் இதே பதிவேட்டுச் சிந்தனை இருக்கிறது. ஆரக்கிள் நிறுவனம் உருவாக்கிய ஓசிஎஃப்எஸ்2, மினசோட்டா பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்து ரெட் ஹாட் கைக்கு வந்த ஜிஎஃப்எஸ்2 ஆகிய இரண்டும் 2006இல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்தன. இரண்டிலும் ஒவ்வொரு சர்வருக்கும் வட்டிலேயே தனியாக ஒரு ஜர்னல், அதாவது பதிவேடு, உண்டு. ஒரு சர்வர் செத்தால், உயிரோடு இருக்கும் இன்னொன்று அதன் ஜர்னலைப் படித்து அரைகுறை வேலைகளை முடித்துவைக்கும்.

இதிலிருந்தே முதல் மவுண்ட் பிரச்சினை பிறக்கிறது. வட்டை முதன்முதலில் தயார் செய்தபோது இரண்டு ஜர்னல் மட்டும் வைத்திருந்தால், மூன்றாவது சர்வருக்கு இடமில்லை. இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடிய கிளஸ்டரில் புதிதாக ஒரு சர்வரைச் சேர்க்கும் நாளில் இது வெளிவரும். புதிய சர்வரின் கேபிளையும் மென்பொருளையும் திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள்; எதிலும் குற்றம் இருக்காது. ஜர்னல் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும்.

சனிக்கிழமை இரவு

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகில் இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. டேட்டா சென்டரில் ஜெனரேட்டரும் பேட்டரியும் இருந்தாலும், பராமரிப்புக்காக ரேக்கின் மின்சாரத்தை நிறுத்தும் நாள் வரத்தான் செய்யும். எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எழும்போதுதான் மறைந்திருந்த பழுதுகள் வெளியே வரும். நம் கற்பனை நிறுவனத்தில் அப்படி ஒரு சனிக்கிழமை இரவு. கிள்ளானில் இருக்கும் இளைய பொறியாளர், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மூத்தவரைக் கூப்பிடுகிறார்.

"அண்ணே, மூணாவது சர்வர்ல மவுண்ட் ஆக மாட்டேங்குது. ரெண்டு தடவை ரீபூட் பண்ணிட்டேன்."

"மத்த ரெண்டும் எப்படி இருக்கு?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணே."

"அப்ப அதைத் தொடாத. ஃபோர்ஸ் எதுவும் போடாத தம்பி. லாக்ல என்ன இருக்கு, படி."

லாக்கில் இருப்பது ஓசிஎஃப்எஸ்2 பயன்படுத்துவோருக்குப் பழகிப்போன வரி: டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டெட். பேசவேண்டிய மறுமுனை கிடைக்கவில்லை என்கிறது. இளையவருக்கு இது நம்பமுடியவில்லை. பிங் செய்தால் மற்ற இரண்டு சர்வர்களும் உடனே பதில் தருகின்றன. வட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு எங்கே இணைப்பு இல்லை?

ஓசிஎஃப்எஸ்2இல் சர்வர்கள் ஒன்றையொன்று இரண்டு வழியில் அறிந்துகொள்கின்றன. ஒன்று, வட்டு வழி. ஒவ்வொரு சர்வரும் வட்டில் தனக்கென ஒதுக்கிய ஒரு கட்டத்தில் 2 நொடிக்கு ஒருமுறை எழுதும். மற்றவை அதைப் படித்து "இவர் உயிரோடு இருக்கிறார்" என்று தெரிந்துகொள்ளும். வழக்கமான அமைப்பில் 60 நொடி எழுத்து வராவிட்டால் செத்ததாகக் கணக்கு. இரண்டாவது, நெட்வொர்க் வழி. பூட்டுகளைக் கேட்பதும் கொடுப்பதும் 7777ஆம் போர்ட் வழியாக நடக்கும். அன்றிரவு மூன்றாவது சர்வர் வட்டில் எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே மற்ற இரண்டுக்கும் அது உயிரோடு இருப்பது தெரியும். ஆனால் 7777 மூடிக்கிடந்தது. உயிரோடு இருக்கிறது, பேச முடியவில்லை. பேச முடியாதவரிடம் டோக்கன் வாங்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. அதனால் மவுண்ட் நடக்கவில்லை.

போர்ட்டை மூடியது யார்? முன்பு கிளஸ்டர் அமைத்த நாளில், மூன்றாவது சர்வரின் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறக்க ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார்கள். அது அப்போதைக்கு மட்டும் செல்லும் கட்டளை. நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. சர்வர் அணையாமல் ஓடியவரை திறந்தே இருந்தது. அணைந்து எழுந்தபோது ஃபயர்வால் சேமித்துவைத்த பழைய விதிகளைப் படித்து, போர்ட்டை மூடிவிட்டது. பிங் வேறு வகைச் செய்தி. அது போர்ட்டுகளைக் கடப்பதே இல்லை. பிங் போகிறது என்பதை வைத்து 7777 திறந்திருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அந்தப் போர்ட்டையே தட்டிப் பார்க்கவேண்டும்.

இதே பிழைச் செய்திக்கு வேறு காரணங்களும் உண்டு. கிளஸ்டர் அமைப்புக் கோப்பு மூன்று சர்வர்களிலும் ஒன்றுபோல இருக்கவேண்டும். யாரோ ஒன்றில் மட்டும் ஐபி முகவரியை மாற்றியிருப்பார்கள். கோப்பில் எழுதியுள்ள பெயரும் சர்வரின் சொந்தப் பெயரும் பொருந்தவேண்டும். பெயருக்குப் பின்னால் டொமைன் சேர்ந்துவிட்டால் கூட, "நான் இந்தக் கிளஸ்டரில் யார்?" என்று சர்வருக்குத் தெரியாமல் போய்விடும். ஜிஎஃப்எஸ்2இல் வட்டின் உள்ளேயே கிளஸ்டரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கிளஸ்டரைப் புதிதாக அமைத்தவர்கள் பெயரை மாற்றிவிட்டால், இது வேறு கிளஸ்டரின் வட்டு என்று சொல்லி மறுத்துவிடும்.

எழும் வரிசையும் ஒரு தனிப் பிரச்சினை. சர்வர் தன் உள்வட்டிலிருந்து ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டி தன்னைத்தானே சோதித்து எழ அதைவிட நேரம் எடுக்கும். நெட்வொர்க் சுவிட்ச் சில அமைப்புகளில் கேபிளில் உயிர் வந்த பிறகும் 30 நொடி வழிவிடாது. சர்வர் அவசரப்பட்டு, நெட்வொர்க் வருவதற்கு முன்பே மவுண்ட் செய்யப் பார்த்துத் தோற்றுப்போகும். மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் இந்த வட்டுக்குரிய வரியில் நெட்டெவ் என்ற குறிப்பைச் சேர்த்தால், நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும். கையால் மவுண்ட் செய்தால் ஏறுகிறது, ரீபூட் செய்தால் ஏறுவதில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

மெதுவா, மரணமா

இந்தப் பழுதுகளையெல்லாம் விட ஆழமான ஒன்று இருக்கிறது. நெட்வொர்க்கின் மறுபக்கம் இருக்கும் சர்வர் பதில் சொல்லவில்லை. அது செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, நடுவில் கேபிள் அறுந்திருக்கிறதா? இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள். செய்தி வந்துசேர எவ்வளவு நேரமும் ஆகலாம் என்ற நிலையில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலே, எல்லாரும் ஒருமித்த முடிவுக்குக் கட்டாயம் வந்துசேரும் முறை எதையும் வகுக்க முடியாது. காத்திருப்பு நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ இந்தச் சிக்கலை முழுவதும் தீர்த்துவிட முடியாது.

நடைமுறையில் இரண்டு உபாயங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று, குவோரம் என்னும் பெரும்பான்மை. மூன்று சர்வரில் இரண்டு ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அவை தொடரலாம். தனித்துப்போன ஒன்று நின்றுவிடவேண்டும். இரண்டே சர்வர் உள்ள கிளஸ்டர்கள் அதிகம் தொல்லை தருவதற்குக் காரணம் இதுதான். பிரிந்தால் ஆளுக்கு ஒரு வாக்கு. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. அதனால்தான் வாக்களிக்க மட்டும் மூன்றாவதாக ஒரு சிறிய கணினியையோ வட்டையோ வைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது உபாயம் ஃபென்சிங். செத்ததா இல்லையா என்று தெரியாத சர்வரை, செத்ததாக ஆக்கிவிடுவது. அதன் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். அல்லது ஸ்டோரேஜிடம் சொல்லி இனி அந்தச் சர்வரின் எழுத்தை ஏற்காதே என்று தடுக்கலாம். அது நடந்து முடிந்தது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே, மற்றவை அதன் ஜர்னலைத் தொடும், அதன் பூட்டுகளை விடுவிக்கும். கேட்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அரைமயக்கத்தில் இருக்கும் ஒரு சர்வர் ஒரு நிமிடம் கழித்து விழித்து, தன் கையில் டோக்கன் இன்னும் இருக்கிறது என்று நம்பி எழுதினால், தோர்ப்பில் நடந்தது வட்டில் நடக்கும்.

ஃபென்சிங் சரியாக அமைக்காத கிளஸ்டரில் ஒரு சர்வர் விழுந்தால், மற்ற சர்வர்களிலும் மவுண்ட் உறைந்துபோகும். கோப்புறையைத் திறந்தால் பதிலே வராது. "ஒன்று விழுந்தால் மற்றவை ஓடவேண்டும் என்றுதானே இவ்வளவு செலவு செய்தோம்?" என்று நிர்வாகம் கோபப்படும். கோபம் நியாயம்தான். ஆனால் உயிரோடு இருக்கும் சர்வர்கள் ஃபென்சிங் முடிந்த செய்திக்காகக் காத்திருக்கின்றன. அந்தச் செய்தியைத் தருவதற்கு யாரையும் ஏற்பாடு செய்யாதது நாம்தான்.

உலக அளவில் இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. 2012 டிசம்பர் 22ஆம் தேதி கிட்ஹப் நிறுவனத்தில் நெட்வொர்க் சுவிட்சுகளில் பராமரிப்பு வேலை நடந்தது. அங்கே கோப்பு சர்வர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. ஒன்று வேலை செய்யும், இன்னொன்று அதன் நகலோடு தயாராக இருக்கும். நெட்வொர்க் சிறிது நேரம் முடங்கியதும் ஜோடிகள் ஒன்றையொன்று காணாமல் தவித்தன. எதிரில் இருப்பது செத்தது என்று இருபக்கமும் முடிவு செய்தன. சில ஜோடிகளில் இரண்டுமே ஒன்றையொன்று அணைத்துவிட்டன. வேறு சிலவற்றில் இரண்டும் தாமே முதல்வர் என்று எழுந்து நின்றன. பொறியாளர்கள் சேவையை நிறுத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஜோடியிலும் கோளாறுக்கு முன் எது முதல்வராக இருந்தது என்பதைப் பதிவேடுகளிலிருந்து கண்டறிந்து, அதையே முதல்வராக்கினார்கள். அதற்குப் பல மணி நேரம் ஆனது. அவசரப்பட்டுக் கிடைத்ததை இயக்கியிருந்தால் பழைய நகல் முதல்வராகி, புதிய எழுத்துகளை அழித்திருக்கக்கூடும்.

ஒரே காவலர் இருக்கும் வீடு

எல்லா இடத்திலும் வட்டை நேரடியாகப் பகிர்வதில்லை. பல அலுவலகங்களில் ஒரு சர்வர் மட்டும் வட்டை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு நெட்வொர்க் வழியாகக் கொடுக்கிறது. 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்எஃப்எஸ் இந்த வகை. இங்கே எழுதுபவர் ஒருவர்தான், குழப்பம் குறைவு. ஆனால் அந்த ஒருவர் காணாமல் போனால், வழக்கமான ஹார்டு மவுண்ட் அமைப்பில் மற்ற எல்லாரும் நின்று காத்திருப்பார்கள்.

அப்போது இடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் சாதாரணக் கட்டளை கூடத் தொங்கிவிடும். அந்த வேலையைக் கொல்லப் பார்த்தாலும் சில நேரம் சாகாது. வேலைப் பட்டியலில் அதற்கு நேரே டி என்ற எழுத்து நிற்கும். சாஃப்ட் மவுண்ட் என்று மாற்றினால் தொங்காது. ஆனால் குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் எழுத்து தோற்றதாகத் திரும்பிவிடும். அந்தத் தோல்வியைக் கவனிக்காத மென்பொருள், பாதி எழுதிய கோப்பை முழுக்கோப்பு என்று நம்பிவிடும். எழுதும் தரவுக்கு ஹார்டு மவுண்டே நல்லது. தொங்குவது கண்ணுக்குத் தெரியும், தரவு கெடுவது தெரியாது.

என்எஃப்எஸ் சர்வர் விழுந்து எழுந்தால், அதன் நான்காம் பதிப்பில் லினக்ஸ் வழக்கமாக 90 நொடி சலுகைக் காலம் கொடுக்கும். அதற்குள் பழைய பூட்டுகளை வைத்திருந்தவர்கள் வந்து "இது என்னுடையது" என்று திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். புதியவர்களுக்கு அதுவரை பூட்டு கிடைக்காது. இதை அறியாதவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி ரீபூட் செய்வார்கள். 90 நொடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேட்கவேண்டிய வரிசை

மவுண்ட் ஏறாத இரவில் கை முதலில் போவது ஏறாத சர்வரின் பக்கம். போகவேண்டியது மற்றவற்றின் பக்கம். வட்டு இப்போது யார் யாரிடம் ஏறியிருக்கிறது, யார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எல்லாச் சர்வர்களிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கிளஸ்டர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். எல்லாரும் உறுப்பினரா, பெரும்பான்மை இருக்கிறதா, முடியாத ஃபென்சிங் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? மூன்றாவதாக, வட்டு உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிகிறதா, ஸ்டோரேஜுக்குப் போகும் வழிகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு போர்ட், பெயர், அமைப்புக் கோப்பு. கடைசியில் ஜர்னல் எண்ணிக்கை. இந்த வரிசையில் எந்தப் படியும் வட்டில் எதையும் எழுதுவதில்லை. அதனால்தான் இவை முதலில் வருகின்றன.

தொடக்கூடாதவை இரண்டு. ஒரு சர்வரிலாவது மவுண்ட் ஆகியிருக்கும் வட்டில், கணக்கைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்செக் கருவியை ஓட்டாதீர்கள்; ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைத் திருத்துவதாக நினைத்து அது கெடுத்துவிடும். பூட்டு மேலாளரை ஒதுக்கிவிட்டு மவுண்ட் செய்ய ஜிஎஃப்எஸ்2இல் நோலாக் என்ற வழி இருக்கிறது. மற்ற எல்லாச் சர்வர்களும் அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது. மவுண்ட் ஏறிவிட்டது என்ற நிம்மதி சில நிமிடம் கிடைக்கும். கெட்ட பில் பிறகு வரும்.

இந்த வேலையை இரவில் செய்பவர்கள் பெரும்பாலும் தனியாக, களைத்துப்போய், மறுமுனையில் யாரோ "எப்போது சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது செய்கிறார்கள். அவர்களிடமிருந்து பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பொறுமையாக இருக்க அவர்களுக்கு ஏற்பாடு வேண்டும். சர்வர்கள், சுவிட்ச், ஸ்டோரேஜ் எந்த வரிசையில் எழவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ரேக்கின் கதவில் ஒட்டுங்கள். ஃபயர்வால் விதிகள் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை ஒரு பகல் வேளையில் ரீபூட் செய்து பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, எல்லாரும் அலுவலகத்தில் இருக்கும் ஒரு வேலைநாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவிப் பாருங்கள். அது தானாக வெளியேற்றப்படவேண்டும். மற்ற இரண்டும் சிறிது தயங்கிவிட்டு வேலையைத் தொடரவேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால், அந்தப் பழுது பகலிலேயே கையில் கிடைத்துவிட்டது, அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.